ஃபெர்னெட் பிராங்கா ஒரு பாட்டில் வந்து சேர்ந்திருக்கிறது, இதை என்ன செய்வது?

#1 பாண்டிக்காரன்

வணக்கம் மக்களே. ஆபீஸ் நண்பர் ஒருவர் மிலான் போய்விட்டு வரும்போது எனக்கென்று ஒரு பாட்டில் வாங்கி வந்தார். லேபிளில் பூமி உருண்டை, அதன்மேல் சிறகு விரித்த கழுகு, கழுகின் காலில் ஒரு பாட்டில். பெயர் ஃபெர்னெட் பிராங்கா. இத்தாலி சரக்கு என்றதும் இனிப்பாக ஏதோ லிக்கர் என்று நினைத்துக்கொண்டு நேற்று ராத்திரி பிரியாணி முடித்த கையோடு அறுபது மில்லி ஊற்றி ஒரே மடக்கில் அடித்துவிட்டேன்.

அடித்துவிட்டேன் என்பது பொய். பாதி உள்ளே, பாதி வாஷ்பேசினில். முதலில் நாக்கைப் பிடித்து இழுக்கிற கசப்பு, அதற்குப் பின்னால் பல்பொடி மாதிரி ஒரு குளிர்ச்சி, அப்புறம் காது வரைக்கும் சூடு. மனைவி மூடியை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு "இது இருமல் மருந்துங்க, யாரோ உங்க ஃபிரெண்டை ஏமாத்திட்டாங்க" என்கிறாள். முக்கால் பாட்டிலுக்கு மேல் அப்படியே இருக்கிறது. இதை எப்படிக் குடிப்பது, முதலில் குடிக்கிற பொருள்தானா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நெல்லைச்சீமை

கொட்டிராதீங்க அண்ணாச்சி. முகவரி தனிமடலில் அனுப்புறேன், கொரியர் செலவு என்னுது.

#3 மிலான்ஆறுவருஷம்

பாண்டி, சரக்கு அசல்தான், குடித்த விதம்தான் தப்பு. அது 39 சதவீதம், கிட்டத்தட்ட விஸ்கி அளவு. அதை அறுபது மில்லி ஒரே மடக்கில் அடிப்பது, ஊறுகாய் பாட்டிலைத் திறந்து கரண்டி கரண்டியாகத் தின்றுவிட்டு "என்னய்யா இவ்வளவு உப்பு" என்று கேட்கிற மாதிரி.

நான் ஆறு வருஷம் மிலானில் இருந்தேன். அங்கே இந்த வகைக்கு அமாரோ என்று பெயர். அமாரோ என்றாலே கசப்பு என்றுதான் அர்த்தம், எதையும் மறைத்து விற்கவில்லை. சாப்பாடு முடியும், சின்னக் கோப்பையில் காபி வரும், அதற்குப் பிறகு இருபது முப்பது மில்லி இது. காபிக்குப் பின்னால் வரும் இந்த மடக்குக்கு அம்மாட்ஸகஃபே என்று தனிப் பெயரே உண்டு, 'காபியைக் கொல்லுவது' என்று பொருள். அவசரக்காரர்கள் காபியிலேயே ஒரு சொட்டு ஊற்றிக்கொள்வார்கள், அதற்குப் பெயர் கஃபே கொர்ரெத்தோ, 'திருத்திய காபி'. காபியில் அப்படி என்ன பிழை இருந்தது என்று நான் கேட்டதில்லை.

இதன் கதை 1845இல் தொடங்குகிறது. மிலான் அப்போது இத்தாலியிலேயே இல்லை, இத்தாலி என்று ஒரு நாடே கிடையாது, ஊர் ஆஸ்திரியா ஆட்சியில் இருந்தது. பெர்னார்டினோ பிராங்கா என்று ஒருவர், மருந்துச் சரக்கு தெரிந்தவர், 27 மூலிகை, வேர், பட்டைகளைச் சேர்த்து இதைச் செய்தார். லூயிஜி, ஜுசெப்பே, ஸ்டெஃபானோ என்று அவருடைய மகன்கள் பெரிதாக்கினார்கள், அதனால்தான் கம்பெனி பெயர் ஃபிராத்தெல்லி பிராங்கா, பிராங்கா சகோதரர்கள். ஆனால் சகோதரர்கள் காலத்துக்குப் பிறகு ஸ்டெஃபானோவின் மனைவி மரியா ஸ்காலாதான் கம்பெனியை நடத்தினார். 19ஆம் நூற்றாண்டில் ஒரு பெண்! பெயர்ப்பலகையில் என்னவோ இன்றுவரை சகோதரர்கள்தான். இன்றைக்கும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

#4 ராத்திரிடூட்டி

இத்தாலிக்காரர்கள் ஜீரணத்துக்கு என்று சொல்லித்தான் இதைக் குடிக்கிறார்கள் இல்லையா? ஜீரணம் என்று சொல்லிக் குடிப்பதற்கும் மழை என்று சொல்லிக் குடிப்பதற்கும் என் ஆஸ்பத்திரி அனுபவத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. அப்புறம் விரிவாக வருகிறேன், இப்போது டூட்டி.

#5 பாண்டிக்காரன்

27 மூலிகையா? என்னென்ன என்று தெரியுமா? மனைவி சொன்ன இருமல் மருந்து சரியாகத்தான் இருக்கும் போல.

#6 மருந்துக்கடைப்பேத்தி

இந்த இழைக்கு நான் வந்தே ஆகவேண்டும். எங்கள் தாத்தா நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார், நான் வளர்ந்ததே பொட்டலம் மடிக்கிற மேசைக்கு அடியில்தான். 27ஐயும் அவர்கள் வெளியே சொல்வதில்லை, சிலவற்றை மட்டும் சொல்கிறார்கள். அந்தச் சிலவற்றைப் படித்தபோது தாத்தாவின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்த மாதிரி இருந்தது.

கரியபோளம். சோற்றுக் கற்றாழையின் சொந்தக்காரச் செடி தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது, அதன் பாலைக் காய்ச்சி இறுக்கிய கறுப்புக் கட்டி. மூசாம்பரம் என்றும் சொல்வோம். கால் சுளுக்கினால் முட்டை வெள்ளைக்கருவோடு குழைத்துச் சூடாகப் பற்றுப் போடுவார்களே, அதே சரக்குதான். குழந்தைக்குத் தாய்ப்பாலை மறக்கடிக்கவும் இதைத்தான் தடவுவார்கள், ஒரு தடவை நாக்கில் பட்டால் அந்தப் பிள்ளை அந்தப் பக்கமே திரும்பாது. பாண்டி வாஷ்பேசினுக்கு ஓடியதில் ஆச்சரியமே இல்லை.

அடுத்து ரேவல்சின்னி. பெயரிலேயே சீனா ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள், அவர்களும் சீனாவிலிருந்துதான் வாங்குகிறார்கள். வெள்ளைப்போளம் உண்டு. சித்தரத்தை இனத்து வேர் ஒன்று, அதை இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ எடுப்பதாக அவர்களே சொல்கிறார்கள். குளியல் பொடிக்குச் சேர்ப்போமே கிச்சிலிக்கிழங்கு, அதுவும் இருக்கிறது. குங்குமப்பூ, சீமைச் சாமந்தி. நம் கடையில் இல்லாத ஒன்று ஜென்ஷியன், ஐரோப்பிய மலைச்சரிவுகளில் மஞ்சள் பூப் பூக்கும் செடி, அதன் வேர். உலகத்தில் இயற்கையாகக் கிடைக்கும் பொருள்களில் மிகக் கசப்பானவற்றில் ஒன்று அந்த வேரில்தான் இருக்கிறது, அமரோஜென்டின் என்று பெயர்.

செய்முறையும் புதிதில்லை. சிலதைக் கஷாயமாகக் காய்ச்சுகிறார்கள், சிலதைச் சாராயத்தில் ஊறப்போட்டு வடிக்கிறார்கள், எல்லாம் கலந்து ஓக் மரப் பீப்பாயில் ஒரு வருஷம் போல வைக்கிறார்கள். தாத்தா உயிரோடு இருந்திருந்தால் "இதுக்கு எதுக்குடா பிளேன் டிக்கெட்" என்றிருப்பார்.

#7 நெல்லைச்சீமை

வெள்ளைப்போளமும் கரியபோளமும் ஒண்ணா வருதுன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். யோவான் 19ஆம் அதிகாரம், இயேசுவை அடக்கம் பண்ண நிக்கொதேமு இந்த ரெண்டையும் கலந்து நூறு ராத்தல் கொண்டுவருவான். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் பண்ண வசனம். பாண்டி அண்ணாச்சி கையில் இருக்கிறது பாட்டில் இல்ல, வேதபாடம்.

#8 மிலான்ஆறுவருஷம்

பேத்தி, அசத்திவிட்டீர்கள். அந்தப் பட்டியலில் இன்னொரு சுவாரஸ்யம் இருக்கிறது. ஆரம்பகால விளம்பரங்களில் இது சுவீடன் நாட்டு டாக்டர் ஃபெர்னெட் என்பவரின் மருந்து என்று ஒரு கதை விட்டார்கள். அப்படி ஒரு டாக்டர் இருந்ததற்குத் தடயம் இல்லை. வேறொரு கதை, இரும்புத் தகட்டைக் காய்ச்சித் தயாரித்ததால் மிலான் பேச்சுவழக்கில் 'சுத்தமான இரும்பு' என்று பெயர் வந்தது என்கிறது. அதுவும் சொல்லக் கேள்விதான். ஆனால் சுவீடன் மட்டும் சும்மா வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஐரோப்பாவில் 'சுவீடிஷ் பிட்டர்ஸ்' என்று ஒரு பழைய கசப்பு மருந்து உண்டு, கரியபோளம், ரேவல்சின்னி, வெள்ளைப்போளம், குங்குமப்பூ, கிச்சிலிக்கிழங்கு எல்லாம் அதிலும் இருக்கும். ஊருக்கே தெரிந்த மருந்து, அதற்கு ஒரு டாக்டர் பெயரை ஒட்டினால் விற்கும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். இது என் ஊகம், வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள்.

எதற்கெல்லாம் நல்லது என்று விற்றார்கள் என்று பார்த்தால் சிரிப்பு வரும். காய்ச்சல், வயிற்றுப் பூச்சி, மாதவிடாய் வலி, பசியின்மை, எல்லாவற்றுக்கும் மேலே காலரா. ஐரோப்பாவில் காலரா அலை அலையாக வந்துகொண்டிருந்த காலம், தண்ணீரில் பரவுகிறது என்பதே பெரும்பாலோர் ஒத்துக்கொள்ளாத விஷயம். அந்தப் பயத்தில் ஒரு கசப்பு மருந்து விற்காமல் இருக்குமா.

அந்தக் கழுகுப் படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மெட்லிகோவிட்ஸ் என்ற போஸ்டர் ஓவியர் வரைந்தது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வணிக முத்திரை ஆகிவிட்டது. உலகம் முழுக்கப் பறந்து போய்ச் சேரும் என்று அர்த்தம். அப்போது அது வெறும் ஆசைதான், பிறகு நிஜமாகவே ஒரு இடத்தில் போய் இறங்கியது. யாராவது அர்ஜென்டினா பற்றிச் சொல்வார்கள் என்று காத்திருக்கிறேன்.

#9 கப்பல்காரன்

வந்துட்டேன். பத்து வருஷம் பயணிகள் கப்பலில் பார் வேலை. தென் அமெரிக்க சீசனில் புவெனஸ் அயர்ஸ் துறைமுகத்தில் ஏறுகிற கூட்டம் இருக்கிறதே, பெட்டியை ரூமில் வைக்கிறதுக்கு முன்னாடி பாருக்கு வந்து ஒரே வார்த்தைதான் சொல்லும்: ஃபெர்னெத். கூடவே கோக். முதல் சீசனில் எனக்கு இது புரியவே இல்லை. மருந்தில் போய் கோக்கை ஊற்றுகிறார்களே என்று நினைத்தேன்.

உலகத்தில் விற்கிற ஃபெர்னெட்டில் முக்கால்வாசி அர்ஜென்டினாவில்தான் குடிக்கப்படுகிறது என்று சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டு முடிவிலும் 20 தொடக்கத்திலும் லட்சக்கணக்கான இத்தாலிக்காரர்கள் அங்கே குடியேறினார்கள், அவர்கள் பெட்டியோடு இதுவும் போனது. அப்புறம் அங்கேயே தயாரிக்க ஆரம்பித்தார்கள், இத்தாலிக்கு வெளியே பிராங்கா தொழிற்சாலை உள்ள நாடு அது, புவெனஸ் அயர்ஸ் பக்கத்தில் இருக்கிறது. ரொம்ப காலம் இது தாத்தாக்கள் சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கிற சமாச்சாரமாகத்தான் இருந்திருக்கிறது. கோக் சேர்ந்த பிறகுதான் இளவட்டம் கையில் எடுத்தது, 80களிலும் 90களிலும் நாடு பூராவும் பரவியது. இதன் தலைநகரம் புவெனஸ் அயர்ஸ் கிடையாது, கோர்டோபா. கோர்டோபாக்காரனிடம் இது எங்கே பிறந்தது என்று கேட்டுப் பாருங்கள், மதுரைக்காரனிடம் ஜிகர்தண்டா பற்றிக் கேட்ட மாதிரி ஆகிவிடும், அன்றைக்குச் சாயங்காலம் போச்சு.

ஊற்றுகிற முறை ஒன்று இருக்கிறது, இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு கோர்டோபா பாட்டி, எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் கோக்கை நேராக ஊற்றினேன், நுரை பொங்கி கவுண்டர் எல்லாம் வழிந்தது. அவள் என் கையிலிருந்து கிளாஸைப் பிடுங்கிக்கொண்டாள். உயரமான கிளாஸ், விளிம்பு வரை ஐஸ். முதலில் ஃபெர்னெட், கால் கிளாஸுக்குக் கொஞ்சம் கூட. கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, நல்ல ஜில்லென்ற கோக்கை உள்சுவரோரமாக மெல்ல விடவேண்டும். காபிக் கலரில் நுரை ஏறும், டிகிரி காபி நுரை மாதிரி கெட்டியாக. அங்கே நிறுத்த வேண்டும். நுரை அடங்கின பிறகு மிச்சக் கோக். கலக்கக் கூடாது. கலக்கினால் அந்தப் பாட்டி உங்களைப் பார்க்கிற பார்வை இருக்கே, எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அளவு பற்றி தனி அரசியலே நடக்கும். முப்பது பங்கு ஃபெர்னெட், எழுபது கோக் என்பது பொதுவான கணக்கு. பையன்கள் '90210' என்று கேட்பார்கள், டிவி சீரியல் பேர் இல்லை, 90 பங்கு ஃபெர்னெட், 2 ஐஸ், 10 பங்கு கோக். கோர்டோபாவில் கிளாஸ்கூட வேண்டாம், காலி கோக் பாட்டிலின் மேல்பாதியை வெட்டியெடுத்துவிட்டு அடிப்பாதியில் கலந்து கூட்டத்தில் கை மாற்றி மாற்றிக் குடிப்பார்கள், அதற்கு வியஹேரோ என்று பெயர், பயணி என்று அர்த்தம். சர்வதேச பார் ஊழியர் சங்கம் 2020இல் இந்தக் கலவையைத் தன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் சேர்த்தது, ஆனால் வைத்த பெயர் ஃபெர்னாண்டித்தோ. பாரில் நின்று அப்படி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

#10 நெல்லைச்சீமை

மருந்து கசந்தா தேன்ல குழைச்சுக் குடுப்பாங்க, அவங்க கோக்ல குழைச்சிருக்காங்க. இதுல என்ன அதிசயம்.

#11 பலெர்மோத்தம்பி

நான் யாழ்ப்பாணம், இப்ப பலெர்மோவில் பதினைந்து வருசத்துக்கு மேல், ரெஸ்டோரண்ட் கிச்சனில் வேலை. இங்க எங்கட ஆக்கள் நிறைய இருக்கினம், மலைக்கு மேல இருக்கிற சாந்தா ரொசாலியா கோயிலுக்கு சைவ ஆக்களும் போய்க் கும்பிடுறவை.

மிலான் அண்ணை கோவிக்கக்கூடாது. ஃபெர்னெட்டை அமாரோவுக்கு உதாரணமாகக் காட்டினால் பிறகு ஒருத்தரும் அமாரோப் பக்கம் வரமாட்டினம். அது இந்தக் கூட்டத்திலேயே சரியான முரட்டு ஆள். சிசிலியில அவெர்னா இருக்கு. கல்தனிசெத்தா என்ற ஊர், 1868, கபுச்சின் துறவியர் ஒருத்தர் சல்வத்தோரே அவெர்னாவுக்குக் கொடுத்த முறை என்று சொல்லுவினம். 29 சதவீதம்தான். கசப்பு இருக்கு, ஆனால் தோடம்பழத் தோல், பனங்கட்டி மாதிரி ஒரு இனிப்பு பின்னால வந்து அணைச்சுக்கொள்ளும். ஐஸ் ரெண்டு, தோடந்தோல் ஒரு துண்டு, காணும்.

இரவு கிச்சன் கழுவி முடிய ஒரு மணியாகும். செஃப் வயசான மனுசன், எங்கள் எல்லாருக்கும் சின்னக் கிளாஸில் அவெர்னா ஊற்றித் தருவார், தனக்கு மட்டும் ஃபெர்னெட். "இது வேலை செய்யிறவனுக்கு இல்லை, வேலை வாங்குறவனுக்கு" என்று பகிடி விடுவார். ஒருநாள் அவரில்லாத நேரம் நான் அதைக் குடிச்சுப் பார்த்தன். பாண்டி அண்ணை, உங்கட வாஷ்பேசின் கதை எனக்கு நல்லா விளங்கும்.

#12 கோடம்பாக்கம்குமார்

எல்லாம் யேகர்மைஸ்டர் மாதிரிதானே? அதுவும் மூலிகை, கறுப்பு, பச்சை பாட்டில். எதுக்கு இவ்வளவு பில்டப்?

#13 மிலான்ஆறுவருஷம்

குமார், ரசமும் சாம்பாரும் ஒன்றுதான், இரண்டிலும் புளி இருக்கிறது. யேகர்மைஸ்டர் ஜெர்மனி சரக்கு, 1930களில் வந்தது, இதைவிட தொண்ணூறு வருஷம் இளையது. 35 சதவீதம், 56 மூலிகை, நல்ல இனிப்பு. ஃபெர்னெட்டில் இனிப்பை ஒப்புக்குத்தான் வைத்திருக்கிறார்கள்.

பலெர்மோத்தம்பி சொல்வது சரி, முதல் அமாரோவாக ஃபெர்னெட்டை யாரிடமும் நீட்டக் கூடாது. இத்தாலியில் ஊருக்கு ஊர் ஒரு கசப்பு உண்டு. பொலோனியாவில் மொந்தெநேக்ரோ, 1885, பெண்கள் கூடப் பிரியமாகக் குடிப்பார்கள். பெனெவெந்தோவில் ஸ்திரேகா, 1860, குங்குமப்பூவால் மஞ்சள் நிறம், அமாரோ என்று சொல்ல முடியாது, நல்ல இனிப்பு. ஸ்திரேகா என்றால் சூனியக்காரி. இத்தாலியின் மிகப் பெரிய நாவல் பரிசுக்கு ஸ்திரேகா பரிசு என்று பெயர், 1947இலிருந்து கொடுக்கிறார்கள், சரக்குக் கம்பெனிக்காரர் குய்தோ அல்பெர்த்தி பணம் போட்டு ஆரம்பித்தது. வெற்றி பெற்ற எழுத்தாளர் மேடையிலேயே அந்த மஞ்சள் பாட்டிலைத் தூக்கி வாயில் கவிழ்ப்பார். நம் ஊர் விருது விழாக்களில் பொன்னாடை போர்த்துகிற இடத்தில் இதை வைத்து யோசித்துப் பாருங்கள். கூனைப்பூவிலிருந்துகூட (ஆர்டிசோக்) ஒரு கசப்பு இருக்கிறது, சினார், 1952, லேபிளில் அந்தக் காய்தான் பெரிதாக இருக்கும்.

'ஃபெர்னெட்' என்பது பிராங்காவுக்கு மட்டும் சொந்தமான பெயரும் அல்ல, வகைப்பெயர். செக் நாட்டில் ஃபெர்னெட் ஸ்டாக் என்று வேறொரு கம்பெனி செய்கிறது, அங்கே டானிக் தண்ணீரோடு கலந்து 'பவோராக்' என்று கேட்டு வாங்குவார்கள்.

#14 ராத்திரிடூட்டி

டூட்டி முடிந்தது. ஜீரண விஷயத்துக்கு வருகிறேன்.

2010இல் சூரிச்சில் ஒரு சோதனை செய்தார்கள். உருக்கிய பாலாடைக்கட்டியில் ரொட்டியைத் தோய்த்துத் தின்கிற ஃபோன்டூ, வயிற்றில் கல் மாதிரி உட்காரும் சாப்பாடு. ஒரு பக்கம் ஒயினோடு தின்னக் கொடுத்தார்கள், இன்னொரு பக்கம் கறுப்புத் தேநீரோடு, அதன் பிறகு செர்ரி சாராயம் ஒரு மடக்கு அல்லது வெறும் தண்ணீர். சாராயம் போனவர்களுக்கு வயிறு காலியாக ஆன நேரம் கூடத்தான் ஆனது. ஆல்கஹால் வயிற்றைத் தள்ளிவிடுவதில்லை, பிடித்து வைத்துக்கொள்கிறது. குடித்ததும் லேசாக இருக்கிற மாதிரி தோன்றுவது வேறு, ஜீரணம் ஆவது வேறு.

கசப்பு உமிழ்நீரைச் சுரக்க வைக்கும், பசியைத் தூண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதற்கு 39 சதவீதம் சாராயம் தேவையில்லை, சுண்டவற்றல் போதும். இன்னொன்று, பேத்தி சொன்ன கரியபோளம் பேதி மருந்து. அமெரிக்காவில் கடையில் தாராளமாகக் கிடைத்த அந்தப் பேதி மாத்திரைகளை 2002இல் நிறுத்திவிட்டார்கள். பாட்டிலில் வாசனைக்கு இருக்கும் அளவு கொஞ்சம்தான், ஆனால் கர்ப்பிணிகள், குழந்தைகள், ஈரல் பிரச்சினை உள்ளவர்கள், தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் "மூலிகைதானே" என்று கையை வைக்க வேண்டாம். மூலிகை என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என்னிடம் வந்து படுத்தவர்கள் நிறையப் பேர்.

#15 மருந்துக்கடைப்பேத்தி

டூட்டி சொல்வதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். எங்கள் கடையிலேயே தாத்தா கரியபோளத்தை வாசலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கமாட்டார். "யாருக்கு, எதுக்கு, எத்தனை வயசு" மூன்று கேள்விக்கும் பதில் வந்தால்தான் தராசைத் தொடுவார். ஆனால் ஒன்று, மருந்து என்ற பெயர் இல்லாவிட்டால் இந்தச் சரக்கு இன்றைக்கு இருந்திருக்குமா என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்.

#16 கப்பல்காரன்

அதேதான். அமெரிக்காவில் 1920இலிருந்து 1933 வரை மதுவிலக்கு. எல்லாக் கடைக்கும் பூட்டு, ஆனால் ஃபெர்னெட் மருந்து என்ற பெயரில் மருந்துக் கடையில் கிடைத்தது. யாராவது அதிகாரி ஒரு வாய் குடித்துப் பார்த்திருந்தால் "இதையா இன்பத்துக்காகக் குடிக்கப் போகிறான்" என்று கையெழுத்துப் போட்டிருப்பார். சான் பிரான்சிஸ்கோவில் இத்தாலிக்காரர்கள் நிறைய, அந்த ஊரில் இந்தப் பழக்கம் தங்கிவிட்டது. இன்றைக்கும் அங்கே ஒரு ஷாட் ஃபெர்னெட், பக்கத்தில் ஒரு கிளாஸ் இஞ்சி சோடா என்றுதான் கேட்பார்கள்.

எங்கள் தொழிலில் இதற்கு 'பார்காரன் கைகுலுக்கல்' என்று பெயர். வேறு ஊரில் ஒரு பாருக்குப் போய் உட்கார்ந்து ஃபெர்னெட் என்று சொன்னால், உள்ளே நிற்கிறவன் ஒரு பார்வை பார்ப்பான், அப்புறம் இரண்டு கிளாஸ் எடுத்து வைப்பான், ஒன்று அவனுக்கு. நாமும் அந்த வேலைக்காரன்தான் என்று அவனுக்குப் புரிந்துவிடும். பார்காரர்களுக்கென்று பிராங்கா காசு மாதிரி உலோக வில்லை அடித்துக் கொடுக்கிறது, ஊருக்கு ஊர் வேறு வேறு டிசைன். கூடியிருக்கும்போது ஒருவன் அதை எடுத்து மேசையில் தட்டினால் மற்றவர்களும் தட்ட வேண்டும், கொண்டுவராதவன் எல்லாருக்கும் வாங்கிக் கொடுக்க வேண்டும். எனக்கு ஒன்று கிடைத்தது, துணி துவைக்கப் போட்டதில் தொலைந்தது.

#17 பாண்டிக்காரன்

இவ்வளவு விஷயம் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. கோக் தவிர வேறு கலவை ஏதாவது? வீட்டில் ஜின் கொஞ்சம் இருக்கிறது.

#18 கப்பல்காரன்

ஜின் இருந்தால் ஹாங்கி பாங்கி. லண்டன் சவாய் ஹோட்டல் பாரில் ஏடா கோல்மன் என்ற அம்மா தலைமை பார் ஊழியராக இருந்தார், 20ஆம் நூற்றாண்டு தொடக்கத்தில். சார்ல்ஸ் ஹாட்ரி என்ற நாடக நடிகர் களைத்துப்போய் வந்து ஏதாவது உறைப்பாகக் கொடு என்று கேட்பாராம், அவருக்காகச் செய்தது. ஜினும் சிவப்பு வெர்மூத்தும் (மூலிகை சேர்த்த ஒயின்) சம அளவு, அதன்மேல் ஃபெர்னெட் இரண்டே வீச்சு. ஐஸ் போட்டுக் கலக்கி வடிகட்டி, மேலே ஆரஞ்சுத் தோலைப் பிழிந்துவிட வேண்டும். அந்த இரண்டு வீச்சு இல்லாவிட்டால் அது வெறும் இனிப்பு ஜின். பெருங்காயம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், தனியாக முகர்ந்தால் ஓடுவோம், தாளிப்பில் இல்லாவிட்டால் திட்டுவோம்.

விஸ்கிக்காரர்களுக்கு டொரொன்டோ என்று ஒன்று இருக்கிறது. அறுபது மில்லி ரை விஸ்கி, ஒரு டீஸ்பூனுக்கு மேல் ஃபெர்னெட், அதே அளவு சர்க்கரைப் பாகு. என்னைக் கேட்டால் பாட்டிலைத் தீர்க்க இதுதான் நல்ல வழி, மெதுவாகத் தீரும்.

#19 மிலான்ஆறுவருஷம்

கடைசியாக ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன், மிலான் போகிறவர்களுக்கு. ஊரின் வடக்கே ரெசெகோனே தெருவில் பழைய தொழிற்சாலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, ஓவியம் தீட்டிய உயரமான புகைபோக்கியை வைத்தே கண்டுபிடிக்கலாம். உள்ளே ஒரு அருங்காட்சியகம், முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பழைய போஸ்டர், நாள்காட்டி, செம்பு அண்டா எல்லாம் இருக்கும், ஆனால் நான் சொல்ல வந்தது வாசனையை. வாசலைத் தாண்டியதுமே மூக்கில் ஏறியது, ஊரில் பெரிய கடைவீதியில் மருந்துக் கடை வாசலைக் கடக்கும்போது வருமே, அதே. மூலிகைகளைக் குவித்து வைத்திருக்கும் இடத்தில் கூட வந்த இத்தாலிக்கார நண்பன் ஒவ்வொன்றாக முகர்ந்து "இது என்ன" என்று கேட்டுக்கொண்டே வந்தான். நான் சித்தரத்தையைக் காட்டி, இதை என் அம்மா இருமலுக்கு வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்லுவாள் என்றேன். அவன் நம்பவில்லை. உங்கள் ஊரிலும் ஃபெர்னெட் இருக்கிறதா என்று கேட்டான்.

செம்பியோனே பூங்காவுக்குள் ஒரு இரும்புக் கோபுரம் நிற்கும், பிராங்கா கோபுரம், 108 மீட்டர், 1933இல் கட்டியது. பல வருஷம் மூடிக் கிடந்ததைக் கம்பெனிதான் பழுது பார்த்து 2002இல் திறந்தது. லிஃப்டில் மேலே போனால் மிலான் முழுக்கத் தெரியும். வானம் தெளிவாக இருந்தால் ஆல்ப்ஸ்கூட.

#20 பாண்டிக்காரன்

ரிப்போர்ட். இன்று ஞாயிறு, கப்பல்காரர் சொன்னபடியே செய்தேன். உயரமான கிளாஸ் இல்லை, எவர்சில்வர் டம்ளரில். முதல் தடவை நுரை பொங்கி மேசைத்துணி போச்சு. இரண்டாவது தடவை சாய்த்துப் பிடித்து மெல்ல விட்டேன், காபிக் கலர் நுரை நின்றது. உண்மையைச் சொன்னால் நன்றாகவே இருந்தது, கோக்கின் இனிப்பை அந்தக் கசப்பு அதட்டி உட்கார வைத்துவிடுகிறது. வெறுமனே இருபது மில்லியும் ஐஸோடு சப்பிப் பார்த்தேன், முதல் வாய் அதே பேதி மருந்து, மூன்றாவது வாயில் ஏதோ பூ வாசனை, அது குங்குமப்பூவா சாமந்தியா என்று கண்டுபிடிக்க இன்னொரு இருபது ஊற்றலாமா என்று யோசித்தேன், டூட்டி ஞாபகம் வந்து மூடி வைத்துவிட்டேன்.

மனைவி ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "எங்க ஆத்தா சுளுக்குக்குப் பத்துப் போடுவாங்களே, அது" என்றாள். பேத்தி, கேட்டீர்களா?

#21 மருந்துக்கடைப்பேத்தி

கேட்டேன் கேட்டேன். உங்கள் மனைவியைக் கடையில் உட்கார வைக்கலாம்.

#22 நெல்லைச்சீமை

அப்ப கொரியர் கிடையாதா?